ஒரே பாயில் மூன்று வகுப்பு!

அரும்பு, மொட்டு, மலர்… அரசுத் தொடக்கப் பள்ளிக்குள் ஒரு நாள்

நாற்பது பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். தமிழ்நாட்டின் பல கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த கணக்கு இது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர். சட்டம் தலையைத்தான் எண்ணுகிறது, வகுப்பை எண்ணுவதில்லை.

ஆகவே ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரு டீச்சரிடம் போகும். நான்கையும் ஐந்தையும் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று அவர் கிளம்பிவிட்டால் அன்றைக்கு ஐந்தும் ஒருவர் தலையில்.

மூன்று வகுப்பு ஒரே அறையில் இருக்கிறது என்பது பாதிக் கதைதான். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னும் ‘ம’வுக்கும் ‘ழ’வுக்கும் தடுமாறிக்கொண்டிருப்பான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டாம் வகுப்புத் தங்கச்சி, பேருந்தின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டாமல் படித்துவிடுவாள். பாடநூல் வகுப்பைப் பார்த்து அச்சாகிறது. பிள்ளை வகுப்பைப் பார்த்து வளர்வதில்லை. இந்த இடைவெளியை என்ன செய்வது என்ற கேள்விக்கு இருபது ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு வகுப்பறைகள் பதில் தேடிக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கு ஓர் ஈராசிரியர் பள்ளிக்குள் நடக்கிற ஆட்டம், பாட்டு, பயிற்சி நூல், கைபேசிப் பதிவு எல்லாமே அந்தத் தேடலில் வந்து சேர்ந்தவை.

முதல் பாடவேளைக்கு முன்பே…

நாள் தொடங்குவது கரும்பலகையில் அல்ல, தட்டில். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள் அதில் இருந்தன. 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் நடந்த விழாவோடு அது மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. கிராமங்களில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் விடிகாலையிலேயே அடுப்பு மூட்டுகிறார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, கூடவே காய்கறி சாம்பார். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சிறுதானியமோ, 15 கிராம் பருப்பு என்று அளவு.

இதைச் சாப்பாட்டுத் திட்டமாக மட்டும் பார்த்தால் வகுப்பறைக்குள் அது செய்யும் வேலை கண்ணில் படாது. அப்பா அம்மா இருவரும் விடியுமுன் கூலி வேலைக்குக் கிளம்பிவிடும் வீட்டுப் பிள்ளை, முன்பெல்லாம் மதிய உணவு மணி எப்போது அடிக்கும் என்றுதான் காத்திருக்கும். தொடக்கப் பள்ளியில் தமிழும் கணக்கும் பெரும்பாலும் காலைப் பாடவேளைகளில் வருகின்றன. பசித்த வயிறு அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் முதலில் தின்னும்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் காலை வணக்கக் கூட்டம். தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், செய்தித்தாளிலிருந்து இரண்டு செய்தி. செய்தி வாசிக்கும் முறை பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புக்கு. முதல் நாள் தடுமாறிய பிள்ளை பத்தாம் நாள் மைக் இல்லாமலே பின்வரிசைக்குக் கேட்கிற மாதிரி வாசிக்கும். அதற்குள் டீச்சர் கைபேசிச் செயலியில் வருகையைப் பதிந்துவிட வேண்டும். சிக்னல் கிடைக்காத ஊர்களில் அதற்கென்றே பள்ளி வளாகத்தில் ஓர் இடம் உண்டு. எந்த மரத்தடியில் நின்றால் டவர் எடுக்கும் என்பது பிள்ளைகளுக்கே தெரியும்.

அரும்பும் மொட்டும் மலரும்

2022 ஜூன் 13-ல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும். 2025-க்குள் அதை எட்டிவிட வேண்டும் என்பது அறிவித்த இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை நடந்த திட்டம், 2023-24 கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது.

இதன் மையம் ஓர் எளிய ஏற்பாடு. பிள்ளை எந்த வகுப்பு என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இப்போது என்ன தெரியும் என்று டீச்சர் முதலில் பார்த்துக்கொள்கிறார். அதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலை. அரும்பு ஒன்றாம் வகுப்பு நிலை, மொட்டு இரண்டு, மலர் மூன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் உட்காரலாம். படிக்கக் கற்றுக்கொண்டதும் மொட்டுக்கு நகரலாம். ‘மக்கு’, ‘சுமார்’, ‘கெட்டிக்காரன்’ என்று வகுப்பறையில் காலங்காலமாகப் புழங்கிய பட்டங்களின் இடத்தில் இந்தப் பூப்பெயர்கள் வந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு விவரம் புரியாமல் இல்லை. ‘நான் மொட்டுக்கு வந்துட்டேன்’ என்று வீட்டில் போய்ச் சொல்லும் பிள்ளைக்கு, அது ஏறிப்போகும் படி என்று நன்றாகவே தெரிகிறது.

அறையும் மாறியிருக்கிறது. பாடல் களம், கதைக் களம், செயல்பாட்டுக் களம், படைப்புக் களம் என்று மூலைக்கு ஒரு வேலை. ஒரு மூலையில் துணியால் தைத்த கைப்பாவைகள் தொங்கும். இன்னொன்றில் அட்டை முகமூடிகள். பாடம் தொடங்கும்போது மூன்று நிலையும் ஒன்றாக நிற்கும். பாட்டும் கதையும் எல்லோருக்கும் பொது. பிறகு பிரிவார்கள். டீச்சர் அரும்புக் குழுவோடு தரையில் உட்கார்ந்து எழுத்து அட்டைகளைப் பரப்புவார். அந்த நேரத்தில் மொட்டுப் பிள்ளைகள் பயிற்சி நூலில் எழுதுவார்கள், மலர்ப் பிள்ளைகள் இருவர் இருவராகக் கதை வாசிப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ‘டீச்சர், இவன் என் ரப்பர எடுத்துக்கிட்டான்’ என்று ஒரு வழக்கு வரும். அதையும் தீர்த்துவிட்டு அடுத்த குழுவுக்கு நகர வேண்டும்.

உகரத்தில் நிற்கும் வண்டி

தமிழில் 247 எழுத்து என்று மேடையில் சொல்லிவிடலாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. ஆறு வயதுப் பிள்ளை அதைத் தாண்டும் பாதையில் மேடுபள்ளங்கள் உண்டு. ஆகாரத்தில் சிக்கல் இல்லை. ‘கா’வுக்கு வைத்த துணைக்கால்தான் ‘பா’வுக்கும் ‘மா’வுக்கும். இகரமும் ஓரளவு அப்படியே. உகரத்தில்தான் வண்டி நின்றுவிடும். கு, சு, டு, து, பு, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாயல். ஒன்றைக் கற்றால் மற்றது தானாக வராது. ஊகாரத்தில் சிக்கல் இன்னும் கூடும். அடுத்த பள்ளம் கொம்பு. கெ, கே, கை என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, சொல்லும்போது அதன் ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’வில் மெய்க்கு இரண்டு பக்கமும் குறி.

வாசிக்கும்போது வேறொரு சோதனை. கடல், தங்கம், மகன் என்ற மூன்று சொல்லிலும் ஒரே ‘க’தான், ஒலி மூன்று. பெரியவர்களுக்கு இது கண்ணில்கூடப் படாது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை ‘த-ங்-க-ம்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்த பிறகும், அது கழுத்தில் போடுகிற தங்கம்தான் என்று பிடிபட ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் டீச்சர் விடையைச் சொல்லிவிடாமல் காத்திருப்பதும் கற்பித்தலில் சேரும்.

இதற்கான உத்திகள் பழையவையும் புதியவையும் கலந்தவை. மணலில் விரலால் எழுதுவது, காற்றில் எழுதுவது, களிமண்ணை உருட்டி எழுத்தாக வளைப்பது, நண்பனின் முதுகில் விரலால் எழுதி என்ன எழுத்து என்று கண்டுபிடிக்கச் சொல்வது. தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு ப, ட, ம என்று எழுதிவிட்டால் பிள்ளை அதில் தாவித் தாவிச் சொல் உண்டாக்கும். புள்ளி வைக்கக் கற்ற அன்றே படம், பட்டம், மடம், மட்டம் என்று அந்த மூன்று எழுத்திலிருந்தே ஒரு வரிசை கிளம்பிவிடும். சொல் உண்டாகும் அந்த இடத்தில்தான் எழுத்துப் பாடம் படிப்பாக மாறுகிறது.

பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் பேச்சு எப்போதும் புத்தகத் தமிழ் அல்ல. சிலருக்கு வீட்டு மொழியே தமிழாக இருப்பதில்லை. ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், ஆம்பூர் வாணியம்பாடியில் உருது. திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் சென்னையின் கட்டட வேலைகளுக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்தியோ ஒடியாவோ பேசிக்கொண்டு ஒன்றாம் வகுப்பில் உட்காருகிறார்கள். படம் காட்டி, பொருளைத் தொட்டு, பாட்டோடு சேர்த்து மொழியைக் கொடுக்கும் முறை இவர்களுக்கு மிகவும் தேவை. அத்தகைய பிள்ளைக்குப் பல நேரம் முதல் தமிழாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழன்தான்.

ஏணி வைத்த மாநகராட்சி

நிலை பார்த்துக் கற்பிப்பது தமிழ்நாட்டுக்கு 2022-ல் வந்த புதுச் சரக்கு அல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். அதன் வேர் ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலிப் பள்ளியில் இருந்தது. அங்கே கிராமப் பிள்ளைகளுக்காகப் பத்மநாப ராவ், ரமா தம்பதி பாடநூலைப் பிரித்துச் சிறு சிறு அட்டைகளாக மாற்றியிருந்தார்கள். சென்னை ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துத் திரும்பி, தமிழுக்கும் கணக்குக்கும் தங்கள் கையாலேயே அட்டைகள் எழுதினார்கள். 2007-08-ல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக அது மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது.

அன்று ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு இப்போது இருபது வயதைத் தாண்டியிருக்கும். சுவரில் மாட்டிய கற்றல் ஏணி அவர்களில் பலருக்கு நினைவிருக்கும். பிள்ளை ஏணியில் தன் படியைப் பார்த்து, அதிலுள்ள சின்னத்தைப் பார்த்து, அலமாரித் தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் உதவி வேண்டிய குழு, சக மாணவர் உதவிக் குழு, தானே கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு என்று வட்ட வட்டமாகப் பாய்கள். பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்வாக அடித்த கரும்பலகையில் ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல். வரைந்ததும் ஒட்டியதும் அதில் தொங்கும். காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆசிரியரைத் தரைக்குக் கொண்டுவந்ததும் இந்த முறைதான்.

அது ஏன் நிலைக்கவில்லை? அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஒன்று குறைந்தால் ஏணியில் ஒரு படி காணாமல் போகும். ‘புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே?’ என்று பெற்றோர் கேட்டார்கள். சில வகுப்பறைகளில் அட்டையை எடுப்பதும் வைப்பதும் சடங்காகிப் போனது; பிள்ளைகளைச் சின்னத்தின் பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்ததே தவிர, அவர்கள் எங்கே தடுக்குகிறார்கள் என்று பார்க்க நேரம் இருக்கவில்லை. ஆண்டை மூன்றாகப் பிரிக்கும் முப்பருவ முறை 2012-ல் வந்த பிறகு இது எளிமையாக்கப்பட்டது. 2018 முதல் புதிய பாடநூல்கள் வரிசையாக வரத் தொடங்கியதும் அட்டைகள் பின்னுக்குப் போயின.

பள்ளி மூடியிருந்த காலம்

2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஏறக்குறைய 19 மாதங்கள். அந்த இடைவெளியில் ஒன்றாம் வகுப்பையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் உண்டு. பள்ளி திறக்கும் தறுவாயில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவின் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை நேரத்தில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள்.

பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்கினால் எவ்வளவு வேகமாக ஏறிவிடும் என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று கிடைக்காது.

நூற்று ஐந்தா, ஆயிரத்து ஐந்தா?

கணக்குப் பாடவேளை சத்தமானது. புளியங்கொட்டை உருளும், குச்சிகள் சிதறும். பத்துக் குச்சியை எண்ணி ரப்பர் பேண்டால் கட்டினால் ஒரு பத்து; பத்துக் கட்டைச் சேர்த்தால் நூறு. ஆணிமணிச் சட்டத்தில் ஒன்று, பத்து, நூறு என்று மணி கோத்து எண்ணைக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் விளையாட்டுக் காசு வைத்துக் கடை நடக்கும். வீட்டுக்கு வெங்காயம் வாங்கிப் பழகிய பிள்ளை, மீதிச் சில்லறையை மனக்கணக்காகச் சொல்லிவிடும். அதையே நோட்டில் கழித்தலாகப் போடச் சொன்னால் விழிக்கும்.

இங்கும் மொழி குறுக்கே வருகிறது. ‘நூற்று ஐந்து’ என்றால் 100 எழுதிப் பக்கத்தில் 5 போட்டு 1005 என்று எழுதும் பிள்ளை எல்லாப் பள்ளியிலும் உண்டு. காதில் விழுந்தபடி எழுதுகிறது. அதன் பிழை காரணமில்லாத பிழை அல்ல. தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. எண்பது, தொண்ணூறு என்று வாயால் ஓடிவிடும் பிள்ளை, எழுதும்போது குழம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். தப்பு என்று சிவப்பு மையில் அடிப்பதற்கு ஒரு நொடி போதும். குச்சிக் கட்டைக் கையில் கொடுத்து ‘இதுல எத்தனை நூறு, எத்தனை பத்து?’ என்று கேட்க ஐந்து நிமிடம் வேண்டும். மூன்று நிலைப் பிள்ளைகளை ஒருவரே வைத்திருக்கும் அறையில் அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் பஞ்சம்.

மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் வரும். 500-லிருந்து 276 போக மீதி என்ன என்ற கணக்கில், பக்கத்து வீடும் பூஜ்யம், அதற்கடுத்த வீட்டில்தான் கடன் கேட்க வேண்டும். பாதி வகுப்பு அங்கே தடுக்கி விழும்.

நுழை, நட, ஓடு, பற

மதியச் சத்துணவும் முட்டையும் முடிந்த பிறகு பிள்ளைகளின் கண் செருகும். அனுபவப்பட்ட டீச்சர்கள் அந்த நேரத்தில் கதையையோ படம் வரைவதையோ வைத்துக்கொள்கிறார்கள். சூழ்நிலையியலுக்கு வளாகமே பாடநூல். வேப்பிலை, புங்க இலை, ஆலிலை என்று பொறுக்கி வந்து விளிம்பையும் நரம்பையும் ஒப்பிட்டு ஒட்டலாம். கொட்டாங்குச்சியில் விதைத்த பயறு முளைத்ததா என்று தினமும் ஓடிப்போய்ப் பார்க்கலாம்.

வாசிப்புக்குக் கதைப் புத்தகங்கள் முன்பைவிடக் கூடுதலாக வந்திருக்கின்றன. 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு படியாகப் பிரிக்கப்பட்டவை. ‘நுழை’யில் பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய எழுத்து, ‘பற’வில் நீளமான கதை. நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’ இதழ். புத்தகத்தை அலமாரியில் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியர் வைத்திருந்த காலம் போய், கயிற்றில் கொக்கி போட்டுத் தொங்கவிடும் பள்ளிகள் கூடியிருக்கின்றன. ஓரம் மடங்கி, அட்டை கழன்ற புத்தகத்தைப் பார்த்து ஆய்வுக்கு வரும் அலுவலர் முகம் சுளிக்காமல் இருந்தால் சரி.

டீச்சரின் இன்னொரு வகுப்பறை

அது கைபேசிக்குள் இருக்கிறது. வருகை, மதிப்பீடு, விலையில்லாப் பொருள் விநியோகம், உடல்நலப் பதிவு என்று எமிஸ் என்னும் கல்வித் துறைத் தரவுத் தளத்தில் ஏற்ற வேண்டியவற்றுக்கு முடிவில்லை. வளரறி மதிப்பீடு, பருவ இறுதியில் தொகுத்தறி மதிப்பீடு என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பதிவு வேண்டும். பதிவுப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கோரி வருகின்றன. யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று அறியவே இந்தத் தரவு. அதை நிரப்பும் நேரமோ, அந்தப் படியிலிருந்து பிள்ளையை ஏற்றுவதற்கு இருந்த நேரத்திலிருந்து கழிகிறது.

விளைச்சல் எப்படி? பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வு, கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-ல் நூற்றுக்குச் சுமார் 40 பேர். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் அது 25 பேராகச் சரிந்தது. 2024-ல் 35-ஐத் தொட்டது. ஏற்றம் உண்மையானது. ஐந்தாம் வகுப்பில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் இன்னும் அந்த வாசிப்புக்கு வரவில்லை என்பதும் அதே அளவு உண்மையானது. எட்டு வயதுக்குள் என்று வைத்த இலக்கின் ஆண்டு 2025.

வாசிப்புக்கு வராமல் மீதம் இருப்பவர்களும் ஆறாம் வகுப்புக்குப் போகிறார்கள். அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களுக்காக 2025-26-ல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ‘திறன்’ என்ற திட்டம் வந்திருப்பதன் பொருள் அதுதான். ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய தேடல் உயர்நிலைப் பள்ளி வரை நீள்கிறது.

இரண்டு ஆசிரியர் கணக்கு மாறினால் இதில் பெரும்பகுதி எளிதாகும். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பது சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. அது நடக்கும் வரை பெற்றோர் கையில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பள்ளிதோறும் ஒரு மேலாண்மைக் குழு உண்டு. அதில் பெரும்பாலோர் பெற்றோர். கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசப்படும் அந்தக் கூட்டத்திலேயே ‘என் மகள் இப்போ அரும்பா, மொட்டா? போன பருவத்துக்கு இந்தப் பருவம் நகர்ந்திருக்காளா? வீட்டுல நாங்க என்ன செய்யணும்?’ என்றும் கேட்கலாம். முதல் இரண்டு கேள்விக்கும் விடை டீச்சரின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. மூன்றாவதுக்கு அவர் பெரும்பாலும் சொல்லப்போவது, ராத்திரி பத்து நிமிடம் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள் என்பதுதான். படிக்கத் தெரியாத அம்மாவும் அதைச் செய்யலாம்.